குத்துக்கல் தெரிகிறதா? மழைநாளில் உள்ளூர்ச் சாலை ஏன் ஏமாற்றுகிறது

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை சூடு பிடித்ததும் ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதிரிச் செய்தி ஒன்று வரும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது, பைக்கில் கடக்கப் பார்த்தவர் அடித்துச் செல்லப்பட்டார். ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும்தான் மாறும். விசாரித்துப் பார்த்தால் அவர் அதே ஊர்க்காரராக இருப்பார். தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வந்தவராக இருப்பார்.

என்னை ரொம்ப நாளாக உறுத்துவது இதுதான். வெளியூர்க்காரர் தண்ணீரைப் பார்த்ததும் தயங்குவார், வண்டியை நிறுத்தி யாரிடமாவது கேட்பார். உள்ளூர்க்காரருக்கு அந்தத் தயக்கம் வருவதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன் என்று நாம் சொல்கிற சாலை அது. எந்த இடத்தில் பள்ளம், எந்த வளைவில் மணல் கிடக்கும் எல்லாம் மனப்பாடம். ஆனால் தண்ணீர் மூடிவிட்ட பிறகு அந்த மனப்பாடம் நேற்றைய சாலையைப் பற்றியது. இன்றைக்கு அடியில் தார் இருக்கிறதா, பாதி கரைந்துவிட்டதா என்று மேலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. அந்த மூன்று மாதத்திலும் சீராகப் பெய்வதில்லை. ஒரு புயல், ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் ஒரே நாளில் ஒரு பருவத்தின் மழை இறங்கிவிடும். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பதிவானது, அந்தப் பகுதியில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் 51 செ.மீ. அடுத்த நாள் கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. இப்படிப்பட்ட மழையை மனதில் வைத்து நம் உள்ளூர்ச் சாலைகள் போடப்படவில்லை.

வானிலை மையம் சொல்கிற கணக்கையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் போனால் அதிகனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் இனி செயல்பட வேண்டிய நேரம். இந்த நிறங்கள் மாவட்டத்துக்கானவை, நம் தெருவுக்கானவை இல்லை. மஞ்சள் எச்சரிக்கை உள்ள மாவட்டத்தில் ஏரிக்கு அடியில் இருக்கும் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கலாம். சிவப்பு உள்ள மாவட்டத்தில் மேட்டுத் தெரு காய்ந்து கிடக்கலாம். கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது, "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வரும் உடனடி முன்னறிவிப்பு. பயணத்துக்கு அதுதான் உதவும்.

ஒரு அடித் தண்ணீர் என்ன செய்யும்

சில ஆண்டுகளுக்கு முன் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் சென்னை திரும்பிக்கொண்டிருந்தோம். குறுக்கு வழியில் ஒரு தரைப்பாலம். முந்தின நாள் மாலை அதே வழியாகத்தான் போயிருந்தோம், அப்போது பாலம் ஈரமாக மட்டும் இருந்தது. இப்போது அதன் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் போகிறது. பெரிய ஆழமாகத் தெரியவில்லை. நான் வண்டியை மெதுவாக உருட்டும்போது, கரையில் டீக்கடை வைத்திருந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, எந்த ஊருக்குப் போவணும்?"

"மெட்ராஸுக்கும்மா."

"அந்தக் குத்துக்கல்லு தெரியுதா பாரு. காலையில பத்துக் கல்லு தெரிஞ்சுது. இப்ப எத்தினி தெரியுது, எண்ணு."

பாலத்தின் ஓரம் காட்டுவதற்காகக் கறுப்பு வெள்ளை அடித்து நட்டு வைத்திருக்கும் குத்துக்கற்களைத்தான் சொன்னார். எண்ணினேன். நாலு கல்லின் தலை மட்டும் தெரிந்தது.

"அப்ப தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். திரும்பிக்கோ."

திரும்பினோம். நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வந்ததில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. அந்த அம்மா சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் அவர் பார்த்தார். இரண்டாவது, பாலத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது கடக்கக்கூடிய பாலமே இல்லை என்பது அவருடைய கணக்கு. வீட்டுக்கு வந்து நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அவர் கணக்கு சரி.

ஒரு சின்ன காரின் எடை சுமார் 1000 கிலோ. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர் வரும். காரின் அடித்தட்டுக்கு மேலே தண்ணீர் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறும்போதும் 60 லிட்டர் தண்ணீரை அது விலக்குகிறது. அதாவது 60 கிலோ எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் அடித்தட்டுக்கு மேல் 17 செ.மீ. ஏறியதும் மொத்த எடையும் தண்ணீர் மேல்தான். அடித்தட்டே தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 34 செ.மீ. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. அந்த உயரத்தில் கார் ஓடுகிற வண்டி இல்லை, மிதக்கிற தகரப் பெட்டி. மிதக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே சக்கரத்துக்குத் தரைப்பிடிப்பு குறைந்துகொண்டே வரும். உள்ளே தண்ணீர் கசிந்து கார் மறுபடி கனமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் ஓடும் தண்ணீர் அதைப் பாலத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

தேங்கி நிற்கும் தண்ணீருக்கே இந்தக் கணக்கு. ஓடும் தண்ணீர் என்றால் தள்ளுவிசை சேர்ந்துகொள்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நாலு மடங்காகும். ஆளை வீழ்த்துவதற்கு வேகமாகப் போகும் அரை அடித் தண்ணீரே போதும் என்று சொல்வது இதனால்தான். பைக்கில் போகிறவர் நிலை இன்னும் மோசம். நடுவில் சக்கரம் வழுக்கும்போது அவர் காலை ஊன்றுகிறார், ஊன்றிய காலையும் தண்ணீர் தள்ளுகிறது. அந்த நேரத்தில் கையை விட்டுக் குதித்தால் பிழைக்க வழி உண்டு. பலர் விடுவதில்லை. தவணை கட்டி முடிக்காத வண்டியாக இருக்கும். வண்டியைப் பிடித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை. வண்டி போனால் போகட்டும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அதுவும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புறம், பாலத்தைவிடப் பாலத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் இணைப்புச் சாலை பல நேரம் ஆபத்தானது. பாலம் கான்கிரீட். அதை இணைக்கும் சாலை மண்ணைக் கொட்டி, மேலே தார் போட்டது. வெள்ளம் பக்கவாட்டில் மோதும்போது மண் கரைந்து போகும்; மேலே உள்ள தார் மட்டும் அப்பளம் மாதிரி நின்றுகொண்டிருக்கும். பார்க்கிறவருக்குச் சாலை முழுசாக இருப்பதாகத்தான் தோன்றும். வண்டியின் எடை ஏறியதும் உடைந்து உள்ளே போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரலில் பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துச் செல்லப்பட்டு ஊரே துண்டிக்கப்பட்டது. வெள்ளம் வடிந்த மறுநாள், சாலை காய்ந்துவிட்டது என்று கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை விட்ட பிறகு வரும் தண்ணீர்

"மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்பார்கள். சாலைக்கு அது அப்படியே பொருந்தும். பலர் செய்யும் தப்பு, மழை நின்றதும் ஆபத்தும் நின்றுவிட்டது என்று கிளம்புவது. நம் நிலம் ஏரிகளால் கோக்கப்பட்டது. மேலே உள்ள ஏரி நிரம்பினால் அதன் கலுங்கு வழியாக உபரி நீர் அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. தெற்கே இதையே குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது என்பார்கள். இந்தச் சங்கிலி முழுவதும் நிரம்ப நேரம் ஆகும். அதனால் வெள்ளம் மழையோடு வராமல் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்து வருகிறது.

ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் நடந்தது அதுதான். ஏரி நிரம்பி வந்த வெள்ளம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனது. பார்த்தவர்கள் பலருக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. அதே நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் ஏறி, விழுப்புரம் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே மூடியது. தேசிய நெடுஞ்சாலைக்கே அந்தக் கதி என்றால் ஊருக்குள் இருக்கும் சாலையைச் சொல்ல வேண்டாம்.

சென்னையில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, துரைப்பாக்கம் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். அவ்வளவு நீருக்கும் வாசல் குறுகல். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் அந்த வாசலும் பாதி அடைத்துக்கொள்ளும். அதனால் வானம் வெளுத்து வெயில் அடிக்கிற நாளிலும் அங்கே சாலையில் தண்ணீர் குறையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் விலகிப்போன பிறகும் பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் படகுதான் ஓடியது.

எங்கே தண்ணீர் வரும் என்பதை நம் முன்னோர் ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி: ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல். மடு என்றால் ஆழமான நீர்நிலை: மடுவங்கரை, ஒக்கியம் மடுவு. இவை போக மதகுத் தெரு, ஓடைத் தெரு, கலுங்கடி, ஏரிக்கரைச் சாலை, கண்மாய்க்கரை, குளத்தங்கரை. நுங்கம்பாக்கத்தில் "லேக் ஏரியா" என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே இப்போது ஏரி கிடையாது. தண்ணீருக்கு ஊர்ப் பெயர் மறப்பதில்லை. புதிதாக ஒரு பகுதிக்குக் குடிபோனால், அக்கம்பக்கத்துத் தெருப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வழியைத் தவிர்க்க வேண்டும் என்பது ஓரளவு அதிலேயே தெரிந்துவிடும்.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அது அனுபவப்பட்டவர்களின் புத்தியாகத்தான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் போக ஒரு ஓரம் விட்டிருக்கிறார்களா என்பது மட்டும்தான் கேட்க வேண்டிய கேள்வி.

சுரங்கப்பாதை

தரைப்பாலத்துக்கு அடுத்தபடி, நான் பயப்படுவது ரயில்வே சுரங்கப்பாதைகளைப் பார்த்துத்தான். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளை எல்லாம் 2019 தொடக்கத்துக்குள் நீக்கி முடித்தார்கள். பல இடங்களில் அதற்குப் பதிலாகச் சுரங்கப்பாதை வந்தது. ரயில் மோதிச் சாவது குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் கிராமத்துச் சுரங்கப்பாதை என்பது இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் பள்ளமாக இருக்கும் ஒரு தொட்டி. சுற்றியுள்ள வயல் நீரெல்லாம் அதில்தான் இறங்கும். மோட்டார் வைத்து இறைத்தால்தான் உண்டு. அந்த மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும், மழை நேரத்தில் முதலில் போவது கரண்ட்.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் இப்படி ஒரு சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் இரவில் கார் சிக்கிக்கொண்டது. அதை ஓட்டி வந்த மருத்துவர் உயிரிழந்தார். சென்னையிலும் கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் என்று சுரங்கப்பாதைகளின் பெயர்கள் ஒவ்வொரு மழைக்கும் செய்தியில் வரும். நகரத்தில் தடுப்பு வைத்துப் போலீஸ் நிற்பார்கள். கிராமத்தில் இரவு பத்து மணிக்கு யாரும் நிற்பதில்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் தேங்கிய தண்ணீர் ஈரச் சாலை மாதிரியே மின்னும். வண்டி இறங்குகிறது, முன்னால் பள்ளம் போகப்போக ஆழமாகிறது, பிரேக் போடும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது.

முன்னால் லாரியோ பஸ்ஸோ போனதே என்று பின்னால் போகக் கூடாது. லாரிக்கு எஞ்சின் காற்று இழுக்கும் வாய் மேலே இருக்கிறது, காருக்கு பம்பர் உயரத்தில் இருக்கிறது. லாரி எழுப்புகிற அலை காரின் பானெட்டைத் தாண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். அணைந்த வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

உள்ளே மாட்டிக்கொண்டால் முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், கரண்ட் இருக்கும்போதே கண்ணாடியை இறக்குங்கள். கதவைத் திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு மீட்டர் அகலக் கதவின் வெளிப்பக்கம் ஒரு அடித் தண்ணீர் நின்றால் அதன் அழுத்தம் சுமார் 45 கிலோ, தள்ளித் திறந்துவிடலாம். அது இரண்டு அடியானால் 90 கிலோ என்று நினைப்போம். இல்லை, 180 கிலோ. ஆழம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. யாராலும் தள்ள முடியாது. கண்ணாடி இறங்காவிட்டால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான, கனமான எதையாவது வைத்து அடிக்க வேண்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, அதை உடைக்க நேரத்தை வீணாக்க வேண்டாம். குழந்தைகளை முதலில் வெளியே தள்ளி, கார் கூரை மேல் ஏற்றுங்கள். பை, போன், லேப்டாப் எல்லாம் அப்புறம்.

இரண்டு சக்கரத்தில் போகிறவர்கள்

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். அதனால் மழைப் பேச்சு என்றால் பைக், ஸ்கூட்டர் பேச்சுதான்.

பலத்த மழையைவிட முதல் தூறல் வழுக்கும். நாள் கணக்கில் சாலையில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், புழுதி எல்லாம் முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தூறலில் குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு பிடிப்பு கொஞ்சம் திரும்பும். அந்த முதல் கால் மணி நேரம் ஒரு டீக்கடையில் நின்றுவிட்டுப் போவது நல்ல வழக்கம். நிற்கிற இடம் மேம்பாலத்துக்கு அடியில் சாலையிலேயே இருக்கக் கூடாது. எல்லோரும் அங்கேதான் கும்பலாக நிற்கிறோம், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைகிற பஸ் ஓட்டுநருக்கு அந்தக் கும்பல் கடைசி நிமிடத்தில்தான் தெரியும்.

வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை இரும்பு மூடி, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு. இந்த மூன்றும் ஈரத்தில் கண்ணாடி. அவற்றின் மேல் நேராக உருட்டிக்கொண்டு போக வேண்டும், பிரேக்கும் கூடாது, திருப்பவும் கூடாது. 50 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 14 மீட்டரில் நிற்கும் வண்டி, ஈரச் சாலையில் 25 மீட்டர் எடுத்துக்கொள்ளும். டயர் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். டயரில் இருக்கும் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக இருப்பவை. அவை தேய்ந்துபோனால் டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் நின்றுவிடும், அதன் மேல் டயர் சறுக்கும். அந்த நேரத்தில் ஹேண்டில் லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். பதறிப் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை மெதுவாக விட வேண்டும்.

பின்னால் உட்கார்ந்து குடை பிடிக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். எத்தனை அன்போடு பிடித்தாலும் சரி. ஓடுகிற வண்டியில் குடை என்பது பாய்மரம். எதிர்க்காற்று ஒன்று வந்தால் குடை பின்னால் இழுக்கும், பிடித்திருப்பவர் வண்டியிலிருந்து பெயர்ந்து விழுவார். புடவை முந்தானை, துப்பட்டா, தொளதொளப்பான மழைக்கோட்டின் ஓரம் எல்லாம் சக்கரத்தில் மாட்டாதபடி கட்டிக்கொள்ள வேண்டும். மழைக்கோட்டு கறுப்பில் வாங்காதீர்கள். மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள், லாரிக்காரர் கண்ணாடியில் நீங்கள் ஒரு நிறமாகத்தான் தெரிவீர்கள்.

தண்ணீர் தேங்கிய தெருவில் நடுப்பகுதிதான் பொதுவாக மேடு, ஓரத்தில்தான் வடிகாலும் பள்ளமும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிவிட்டு மூடாமல் வைத்த பள்ளங்கள் ஊரெங்கும் உண்டு. 2022 அக்டோபரில் சென்னையில் அப்படி ஒரு பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். வெள்ளத்தின் அழுத்தத்தில் பாதாளச் சாக்கடை மூடியே பெயர்ந்து நகர்ந்துவிடுவதும் நடக்கும். அப்போது அந்தத் தெருவில் யாராவது ஒருவர் கைக்குக் கிடைத்த மரக்கிளையை ஒடித்து அந்த ஓட்டைக்குள் சொருகி வைப்பார். கிளை நுனியில் ஒரு சிவப்புத் துணியோ பால் பாக்கெட் கவரோ கட்டியிருக்கும். யார் வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. நடுத்தண்ணீரில் ஒரு வேப்பங்கிளை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அது தற்செயலாக மிதந்து வந்தது இல்லை. விலகிப் போங்கள். கிளை சாய்ந்திருந்தால் இறங்கி ஒரு நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீரைத் தாண்டி வெளியே வந்ததும் பிரேக் வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. டிரம் பிரேக்கில் நனைந்த ஷூ பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாக நாலைந்து தடவை பிரேக்கை அழுத்திச் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

கம்பியும் காற்றும்

அறுந்து விழுந்த மின்கம்பி தண்ணீரில் கிடந்தால், தொட்டால்தான் ஷாக் என்பதில்லை. கம்பி கிடக்கும் இடத்திலிருந்து தள்ளிப்போகப் போக மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இடையே உள்ள அந்த வித்தியாசமே உடம்பின் வழியாகப் பாயும். ஆடு மாடுகள் முதலில் சாவது அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால். கம்பியைப் பார்த்தால் பத்து மீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும். நெருங்கி வந்துவிட்டோம் என்றால் பாதங்களை ஒட்டியே வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பின்வாங்க வேண்டும், எட்டி நடக்கக் கூடாது. காரின் மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். நடைபாதையோரம் இருக்கும் மின்பெட்டி தண்ணீரில் முழுகியிருந்தால் எதிர்ப்பக்கமாகப் போங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

புயல் நாளில் சாலையோரப் புளியமரத்தடியில் ஒதுங்குவது பழைய பழக்கம். இடி மின்னலுக்கும் அது கெடுதல், முறியும் கிளைக்கும் கெடுதல். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் எதைத்தான் விட்டது? கூரை மூடிய காருக்குள் மின்னலுக்குப் பயமில்லை, உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும். மலைப்பாதை பற்றி ஒன்றே ஒன்று: மழை நாளில் இரவில் மேட்டுப்பாளையம்–குன்னூர் மாதிரிச் சாலைகளில் ஏற வேண்டாம். சின்னக் கற்கள் சாலையில் உருண்டு கிடந்தால் மேலே பெரியது அசைகிறது என்று அர்த்தம், அங்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

கொட்டும் மழையில் ஓடிக்கொண்டே நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அது நின்றுவிட்ட வண்டிக்கானது. அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட்டால் போதும்.

யார் முடிவு செய்வது

இவ்வளவும் சாலையில் இறங்கிய பிறகு செய்வது. உண்மையில் பெரிய முடிவு வீட்டு வாசலில் நடக்கிறது. அந்த முடிவு எல்லோர் கையிலும் சமமாக இல்லை. கணினி வேலைக்காரருக்கு வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லும் வசதி உண்டு. சாப்பாடு கொண்டு வரும் தம்பிக்கு அன்றைய ஆர்டர்தான் அன்றைய கூலி. துப்புரவுப் பணியாளர், செவிலியர், பால் போடுகிறவர், செக்யூரிட்டி எல்லோரும் மழை வந்தால் கூடுதலாகத் தேவைப்படுகிறவர்கள். அவர்களைப் பார்த்து வெளியே வராதீர்கள் என்று அறிவுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சிவப்பு எச்சரிக்கை நாளில் பிரியாணி ஆர்டர் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு முந்தின ராத்திரியே போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று சொல்வதும் நம் கையில்தான் இருக்கிறது. மேனேஜராக இருப்பவர் மாலை ஆறு மணிக்குப் பதிலாக மதியம் மூன்று மணிக்கே ஆட்களை அனுப்பினால், அத்தனை பேரும் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேர்வார்கள்.

கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால் குறுக்கு வழியை விடுங்கள். சுற்றினாலும் பஸ் போகிற பெரிய சாலையில் போங்கள். அங்கே மாட்டினால் பார்க்க ஆள் இருக்கும். போன் மேப்பில் பச்சையாகத் தெரிகிற சாலை காலியாக இருப்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் நிற்பதாகக்கூட இருக்கலாம். மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. இவற்றைப் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள், மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது.

இன்னொன்று, வீட்டிலிருந்து வரும் போன். மழை வலுக்க வலுக்க அம்மா கூப்பிடுவார், மனைவி கூப்பிடுவார், எங்கே இருக்கே, எங்கே இருக்கே என்று. பதறித்தான் கூப்பிடுகிறார்கள். பைக்கில் போகிறவர் ஒரு கையை விட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார், அந்த நேரம்தான் முன்னால் பள்ளம் வரும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கிளம்பும்போது எந்த வழியாக வருகிறோம் என்று ஒரு வரி, நடுவில் எங்காவது ஒதுங்கினால் ஒரு வரி, வந்து சேர்ந்ததும் நேரில் குரல். மற்றபடி யாரும் கூப்பிடுவதில்லை. போன வருஷ மழையில் என் தம்பி ஒரு மளிகைக்கடைத் திண்ணையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "திண்ணையில இருக்கேன், தண்ணி இறங்கினதும் வரேன்" என்று அனுப்பியிருந்தான். அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்திருந்த ரசத்தை இறக்கி மூடி வைத்தார்.